பாடம் போற்றலும் கணிப்பொறியும்

முன்னுரை

தமிழ் பயிற்றும் வகுப்பறையுள் கணிப்பொறி புகுந்து பல்லாண்டுகள் ஆயின. ஆயினும் அதன் வரவால் நேர்ந்த பயன் யாது, இழப்பு யாது என்பதனைத் தமிழ்க் கல்வி மரபின் நிலைக்களத்தில் நின்று ஆராய்ந்தோர் சிலரே. பொறியைப் போற்றுவார், இனி நெட்டுருப் போடுதல் வேண்டா, வேண்டியது வேண்டியபோது கிடைக்கும் என்பர். பொறியைப் பழிப்பார், மாணாக்கர் நினைவாற்றல் அழிந்தது, புலமை குன்றியது என்பர். இவ்விரு சாராரும் கருவியையே நோக்கினரன்றிக் கற்றல் என்னும் செயலின் கூறுகளை நோக்கினாரல்லர். கற்றல் இன்ன இன்ன உறுப்புகளை உடையது என முதற்கண் வரையறுத்துக்கொண்டாலன்றி, எவ்வுறுப்புக்கு எக்கருவி துணை செய்யும், எவ்வுறுப்பை எக்கருவி நலிவிக்கும் என்று கூறுதல் இயலாது. அவ்வரையறை நம் இலக்கணத்திலேயே உளது. அதனை அளவுகோலாகக் கொண்டு, பழந்தமிழ் இலக்கியம் பயிலும் பட்ட மேற்படிப்பு வகுப்பில் கணிப்பொறியின் இடம் யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நன்னூலார் வகுத்த எழுவகை

பவணந்தி முனிவர் தம் நூலின் பொதுப்பாயிரத்துள் நூலினது வரலாறு, ஆசிரியனது வரலாறு, பாடஞ்சொல்லும் முறை, மாணாக்கனது வரலாறு, பாடங்கேட்கும் முறை ஆகியவற்றை விரித்துரைத்தார். நூல் பயிலும் இயல்பாக அவர் கூறியன ஏழு. வழக்கினை அறிதல், பாடத்தை மறவாது காத்தல், கேட்டவற்றை மீண்டும் மீண்டும் உள்ளத்தில் எண்ணுதல், ஆசிரியனை அடுத்திருந்து நிரம்பக் கேட்டல், தகுதியுடைய உடன்மாணாக்கரோடு பழகிப் பயிலல், ஐயுற்றவற்றை வினாவுதல், பிறர் வினாயவற்றிற்கு விடை கூறுதல் என்பன அவை.

இவற்றொடு சேர்த்து நோக்கத்தக்க வேறொரு கணக்கும் நன்னூலில் உண்டு. ஆசிரியன் உரைத்ததனை முற்றும் கொண்டவனும் புலமையிற் காற்கூறே பெறுவான். உடன்மாணாக்கரொடு பயில்வதனால் மற்றொரு காற்கூறு வரும். எஞ்சிய அரைக்கூறோ தான் பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைப்பதனாலேயே வரும் என்பது அக்கணக்கு. கேட்டல் கால், பயிலல் கால், உரைத்தல் அரை என்னும் இப்பகுப்பு நுட்பமானது. புலமையின் பெரும்பகுதி மாணாக்கனது சொந்தச் செயலால் விளைவது என்னும் கொள்கை இதனுள் அடங்கியுள்ளது. எந்தக் கருவியையும் வகுப்பறைக்குக் கொணருமுன், அஃது இச்செயலை மிகுவிக்குமா, மாணாக்கனுக்கு மாற்றாகத் தானே அச்செயலைச் செய்துவிடுமா என்று வினாவுதல் வேண்டும்.

முற்காலக் கருவிகள்

கருவி என்பது நம் கல்விக்குப் புதிதன்று. மணலும் ஏடும் எழுத்தாணியும் கருவிகளே. திண்ணைப் பள்ளியில் சிறுவர் மணலிற் கைவிரலால் எழுத்தைத் தீட்டி, வாயால் ஒலித்து, அழித்து மீண்டும் தீட்டினர். 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்தம் ஆண்மக்களுக்கான காப்பகப் பள்ளியின் பொறுப்பேற்ற ஆண்டுரு பெல் என்பார் இம்முறையைக் கண்டு தம் பள்ளியில் மேற்கொண்டார். முன்னே கற்ற மாணாக்கன் பின்னே வருவானுக்குக் கற்பிக்கும் முறையையும் அதனோடு இணைத்து, 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அஃது இங்கிலாந்தில் ‘சென்னை முறை’ என்றே பெயர் பெற்றது. மணலின் சிறப்பு அதன் மலிவு மட்டுமன்று. எழுதியது அதில் நில்லாது. நில்லாமையால் சிறுவன் மீண்டும் எழுதவேண்டியவன் ஆனான். கருவி தன்னிடம் வைத்துக்கொள்ளாததனைக் கற்பவன் தன்னிடம் வைத்துக்கொண்டான்.

சொற்பொருள் அறியும் கருவிகளின் வரலாறு இன்னும் விளக்கமானது. திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் செய்யுளால் ஆயின. உருப்போட்டு உள்ளத்துள் நிறுத்தற்கு உரியன. மண்டலபுருடர் தம் சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதியில் ஒருசொற் பல்பொருட் பெயர்களை எதுகை முறையால் அடுக்கினார். எதுகை ஈண்டு அணிக்காக மட்டும் நிற்கவில்லை. வேண்டிய சொல்லை நினைவிலிருந்து எடுத்தற்குரிய திறவுகோலாகவும் நின்றது. 1594-இல் சிதம்பர இரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு முதலெழுத்து முறையைக் கைக்கொண்டது. வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியைத் தொகுத்தார். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை வெளிவந்து, 1939-இல் அநுபந்தமும் பெற்றது. இவ்வரிசையில் ஒவ்வொரு படியிலும் நினைவின் சுமை சிறிது குறைந்து, கருவியின் சுமை சிறிது கூடிற்று. ஆகலின், கணிப்பொறி வந்து நினைவை அழித்தது என்பார் கூற்று வரலாற்றொடு முற்றும் பொருந்துவதன்று. நினைவிலிருந்து கருவிக்குப் பெயரும் இப்பெயர்ச்சி நானூறு ஆண்டுகட்கு முன்னரே தொடங்கியது என்க.

சொல்லடைவும் மின்பாடமும்

சங்க நூல்களுக்குச் சொல்லடைவு வேண்டும் என்னும் எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வலுப்பெற்றது. வ. அய். சுப்பிரமணியம் அவர்களின் புறநானூற்றுச் சொல்லடைவு 1962-இல் கேரளப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. ந. சுப்பிரமணியன் அவர்கள் தொகுத்த பல்லவர்க்கு முற்பட்ட தமிழ் நூல்களின் பொருளடைவு 1966-இல் சென்னைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. சொல்லைச் சீட்டிற் பெயர்த்து அகர முறையில் அடுக்கும் உழைப்பு மிக்க பணி பின்னர்க் கணிப்பொறியின் வசமாயிற்று. தாமசு இலேமான், தாமசு மால்தன் என்னும் செருமானிய அறிஞர் இருவரின் சங்க இலக்கியச் சொல்லடைவு 1992-இல் அம்முறையில் வெளிவந்தது.

அடுத்து நிகழ்ந்தது நூல்களே மின்வடிவம் பெற்றமை. 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் வாழும் தமிழன்பர் ஊதியம் கருதாது பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி உலகிற்கு வழங்கினர். 2001-இல் தொடங்கப்பெற்ற தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரால், மின்னூலகமும் பாடங்களும் வழங்கி வருகின்றது. இவற்றால், பெருநூலகம் இல்லாத சிற்றூர்க் கல்லூரி மாணாக்கனும் எட்டுத்தொகையையும் பத்துப்பாட்டையும் தன் மேசைமேற் பெற்றான். இந்நன்மையைக் குறைத்துக் கூறுதல் நன்றியன்று.

எனினும், அச்சிட்ட சொல்லடைவிற்கும் மின்பாடத்தில் தேடுதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. சொல்லடைவைத் தொகுத்தவர் ஒவ்வொரு சொல்லையும் பிரித்து, இது பெயர், இது வினை, இதன் ஈறு இன்னது எனத் துணிந்தே தொகுத்தார். அத்துணிபில் ஓர் இலக்கணியின் பொறுப்பு அடங்கியிருந்தது. பொறியோ எழுத்துத்தொடரை எழுத்துத்தொடரோடு ஒப்பிடும் அவ்வளவே. முன்னர்த் தொகுப்பாளர் செய்த துணிபை இப்பொழுது தேடும் மாணாக்கனே செய்தல் வேண்டும். இதனை அறியாது பொறி காட்டியதே முழுமை எனக் கொள்ளுமிடத்து ஆராய்ச்சி பழுதுபடுகின்றது.

ஏட்டெழுத்தும் ஒருங்குறியும்

பொறியில் நேரும் பிழைகளுள் முதலாவது எழுத்தைப் பற்றியது. இதனை நம் மாணாக்கர் எளிதில் உணர்வர். ஓலைச்சுவடியிலும் இத்தகைய இடர்ப்பாடே இருந்தது.

மெய் புள்ளி பெறும் என்றும், எகர ஒகரமும் அவ்வாறே என்றும் தொல்காப்பியர் கூறினாரேனும், ஏடெழுதுவோர் பெரும்பாலும் புள்ளியிட்டிலர். ரகரத்திற்கும் காலுக்கும் வடிவ வேறுபாடும் இலதாயிற்று. ஆகவே, ஒற்றைக்கொம்பும் ககரமும் காலும் நின்ற ஓரிடத்தைக் கொ என்றும், கோ என்றும், கெர என்றும், கேர என்றும், கெர் என்றும், கேர் என்றும் படித்தல் கூடும். இவற்றுள் எது பாடம் என்பதனைப் பொருளும் யாப்பும் நூல்வழக்கும் அறிந்த புலவனே துணிந்தான். வீரமாமுனிவர் குறில் நெடில் வேறுபாட்டை வடிவில் காட்டும் சீர்திருத்தம் செய்தமையும், பின்னர் அச்சுப் புள்ளியை நிலைநிறுத்தியமையும் இவ்விடரை நீக்கின.

கணிப்பொறியில் இதனை ஒத்த இடர் வேறு உருவில் வந்தது. ஒருங்குறி முறையில் உயிரும் அகரமேறிய மெய்யும் உயிர்க்குறிகளும் தனித்தனி எண் பெற்றுள்ளன. உயிர்மெய் இருநூற்றுப் பதினாறும் தனித்தனி எண் பெற்றில. கொ என்னும் எழுத்தை ககரத்தின்பின் ஒகரக்குறி ஒன்றாக இட்டும் சேமிக்கலாம். ககரத்தின்பின் கொம்பும் காலும் இரண்டாக இட்டும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பொறிக்கு, அவற்றை நிகரெனக் கொள்ளும் ஏற்பாடு செய்யப்பெற்றாலன்றி, இரண்டும் வெவ்வேறு. ஔகாரத்தின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஔகாரத்தைத் தனி எழுத்தாகத் தட்டாது, ஒகரத்தின் பின் ளகரத்தை இட்டு அமைத்த பக்கங்கள் பல. அம்முறையில் எழுதப்பெற்ற ஒளவையாரை, நேரிய ஔகாரத்தால் தேடும் மாணாக்கன் காணமாட்டான். ஔவையார் பாடல்கள் குறித்து ஆராயப் புகுந்தவன், பொறி காட்டியன இவ்வளவே என எண்ணி எஞ்சியவற்றை விட்டுவிடுவான். தமிழ்நாட்டரசு 2010-இல் ஒருங்குறியையும், உயிர்மெய்க்கும் தனி எண் வழங்கும் பதினாறு துணுக்குக் குறிமுறையையும் ஏற்று ஆணையிட்டது. தரப்பாடு வந்தமையால் புதிய நூல்களில் குழப்பம் குறைந்ததேனும், முன்னர்ப் பல்வேறு குறிமுறைகளில் உள்ளிட்டுப் பின்னர் மாற்றப்பெற்ற பாடங்களில் இவ்வகைத் தடங்கள் நிற்றல் கூடும்.

அச்சுப்பக்கத்தைப் படம் பிடித்துப் பொறியே எழுத்தறிந்து பெயர்க்கும் முறையில், ரகரமும் காலும் மயங்குதல் மீண்டும் நேர்கின்றது. ஓலையில் இருந்த மயக்கமே பொறியில் மறுபிறவி எடுத்தது எனலாம். ஆகலின், சுவடியியலை ஒரு தாளாகவும் கணினித்தமிழை மற்றொரு தாளாகவும் தொடர்பின்றிப் பயிற்றுதல் பொருந்தாது. இரண்டும் எழுத்துப் பெயர்ப்பில் நேரும் வழுக்களையே ஆராய்வன. ஒன்றன் பயிற்சி மற்றொன்றனுக்குக் கண் திறக்கும்.

புணர்ச்சியும் தேடலும்

இரண்டாவது இடர் புணர்ச்சியால் வருவது. குறுந்தொகையின் நாற்பதாம் பாடலைப் பாடியவர் தம் பாட்டில் வந்த உவமையால் செம்புலப்பெயனீரார் எனப் பெயர் பெற்றார். செம்புலம் என்னும் சொல்லைப் பொறியில் இட்டுத் தேடும் மாணாக்கனுக்கு இப்பெயரும் அகப்படாது. நிலைமொழி ஈற்று மகரம் கெட்டு வல்லினம் மிக்கமையால், செம்புலம் என்னும் எழுத்துத்தொடர் ஆண்டு இல்லை. பெயல் என்பதனைத் தேடினும் அகப்படாது. லகரம் மெல்லினத்தின்முன் னகரமாகத் திரிந்தமையே காரணம். இங்ஙனம் தமிழிலக்கியத்தில் மிகவும் அறியப்பெற்ற உவமைகளுள் ஒன்று பொறியின் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றது.

கல் என்னும் சொல்லைத் தேடுவோன் இருவகைத் துன்பம் எய்துவான். வல்லினம் வருமொழியாய இடங்களில் அச்சொல் கற் எனவும், மெல்லினம் வருமிடத்துக் கன் எனவும் திரிந்து நிற்றலின் வேண்டியன அகப்படா. கல்வி, அகல், பகல் என்னும் சொற்களின் உள்ளே அவ்வெழுத்துத்தொடர் நிற்றலின் வேண்டாதன வந்து குவியும். முன்னையது குன்றக் காட்டல். பின்னையது மிகை காட்டல். மா என்னும் ஓரெழுத்தொருமொழியோ விலங்கு, குதிரை, மரம், கருமை, பெருமை, திருமகள் எனப் பல பொருள் தருதலின், பொறி காட்டும் ஒவ்வோரிடத்தையும் உரை நோக்கியே பகுத்தல் வேண்டும். யானையைப் பற்றி ஆராய்வோன் யானை என்னும் சொல்லை மட்டும் தேடின், களிறும் பிடியும் வேழமும் கைம்மாவும் வரும் பாடல்களை இழப்பான். அச்சொற்களைத் தேடவேண்டும் என்னும் எண்ணமே நிகண்டறிவிலிருந்து வருவது. நெட்டுரு வேண்டா என்பார் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சந்தி பிரித்த பாடத்தில் தேடின் இவ்விடர் தீரும் எனலாம். மர்ரே நிறுவனத்தார் 1950-களில் சொற்களைப் பிரித்துப் பழந்தமிழ் நூல்களை வெளியிட்டமை கற்பார்க்குப் பெருந்துணை ஆயிற்று. ஆயினும் பிரித்தல் என்பது பொருள் துணிதலே ஆகும். ஒரு தொடரை இருவகையாகப் பிரித்தல் கூடுமிடத்து, பிரித்தவர் ஒன்றனைத் தெரிந்து மற்றொன்றனை மறைத்துவிடுகின்றார். மாணாக்கன் பிரித்த பாடத்தை மட்டும் கண்டால், ஆண்டு ஓர் ஐயம் உண்டு என்பதனையே அறியான். வினாதல் என நன்னூலார் கூறிய உறுப்பு அங்கே தோன்றாமலே ஒழிகின்றது.

யாப்பும் ஓசையும்

செய்யுளை அசை பிரித்துச் சீரும் தளையும் தொடையும் காட்டும் மென்பொருள்கள் இன்று உள்ளன. யாப்பிலக்கணம் பயில்வார்க்கு இவை நல்ல பயிற்சித் துணை. ஆயினும் பிரித்த பாடத்தை அவற்றிற்கு அளிப்பின் முடிபு வழுவுறும். வரகரிசி என்பது நிரை நிரை நேர் என மூன்றசை பெற்றுக் கருவிளங்காய் ஆகும். அதனையே வரகு, அரிசி எனப் பிரித்து இடின், புளிமா இரண்டு என இருசீர் ஆகிவிடும். வெண்பாவின் நாற்சீரடி ஐஞ்சீரடியாகத் தோன்றும். குற்றியலுகரம் உயிர்வரக் கெடும் என்னும் விதியை மனப்பாடமாக மட்டும் அறிந்திருந்த மாணாக்கன், பொறி காட்டிய இவ்வழுவைத் தானே கண்டு திருத்தும்போது அவ்விதியின் பயனை உணர்வான். பொறியின் பிழை இவ்விடத்தில் நல்லாசிரியன் ஆகின்றது.

ஓசையைப் பயிற்றுதற்கு ஒலிப்பதிவு பெரிதும் பயன்படும். செப்பல், அகவல், துள்ளல், தூங்கல் என்னும் ஓசைகளின் பெயர்களை எழுதி மதிப்பெண் பெறும் மாணாக்கருள் அவற்றைச் செவியால் அறிந்தோர் மிகச் சிலர். ஏட்டுக் கல்வி ஓங்கிய நாளில் ஆசிரியர் பாடலை இசையொடு ஓதினர்; மாணாக்கர் உடன் ஓதினர். அச்சு நூல் பெருகியபின் வாய்விட்டு ஓதுதல் அருகிற்று. ஒலிப்பதிவு அச்சு விளைத்த இக்குறையை ஓரளவு ஈடு செய்ய வல்லது. பிறர் ஓதியதனைக் கேட்பதோடு அமையாது, மாணாக்கன் தான் ஓதியதனைப் பதிந்து, தானே கேட்டு, சீர் முறிந்த இடங்களைக் குறித்துத் திருத்தி மீண்டும் ஓதுவானாயின், மணலில் எழுதி அழித்து எழுதிய சிறுவனின் பயிற்சி அவனுக்கு வாய்க்கும்.

விடை கூறும் பொறி

அண்மை ஆண்டுகளில் தேடிக் காட்டும் அளவில் நில்லாது, வினவியதற்குத் தொடர்நடையில் விடை எழுதித் தரும் பொறிகள் வந்துள. இவை தமிழிலும் எழுதுகின்றன. இவற்றின் இயல்பு முன்னையவற்றின் வேறானது. தேடுபொறி ஒன்றனைக் காட்டாது விடுதல் உண்டு. இல்லாத பாடலைப் படைத்துக் காட்டுதல் இல்லை. விடை எழுதும் பொறியோ, சொற்கள் அடுத்தடுத்து வரும் இயைபினைப் பெருந்தொகை நூல்களினின்றும் பயின்று எழுதுவது. ஆகலின், ஒரு நூலில் இல்லாத அடியை அந்நூலில் உள்ளதாகவும், ஓர் உரையாசிரியர் கூறாததனைக் கூறியதாகவும், ஐயமற்ற நடையில் எழுதுதல் அதற்கு இயலும். நடை திருந்தியதாயிருத்தலின் பிழை கண்ணிற்படாது.

பாடம் போற்றல் என்பதற்கு, கற்ற பாடத்தை மறவாது காத்தல் என்பது பொருள். பாடம் என்னும் சொல்லுக்கு நூலின் மூலவாசகம் என்னும் பொருளும் பதிப்புலகில் வழங்குதலின், மூலத்தைப் பிறழாது காத்தல் என்னும் கடமையையும் அதன்பாற் சார்த்தி உரைத்தல் இந்நாளில் தகும். இல்லாத அடி ஒரு கட்டுரையிற் புகுந்து, அக்கட்டுரையிலிருந்து ஓர் ஆய்வேட்டிற் புகுந்து, ஆய்வேட்டிலிருந்து மீண்டும் மின்னுலகிற் பரவின், அதனைக் களைதல் அரிது. ஏட்டில் இடைச்செருகல் நேர்ந்தவாற்றை ஆராய்ந்து வரும் நாமே புதிய இடைச்செருகலுக்கு வாயில் திறந்தோம் என்னும் பழி நேரலாகாது. எம்மேற்கோளும் அச்சுப் பதிப்பிலோ சுவடியிலோ நேரிற் கண்டபின்னரே எழுதப்பெறுதல் வேண்டும் என்பதனை ஆய்வு மாணாக்கர்க்கு முதல் விதியாக உரைத்தல் வேண்டும்.

நினைவும் வினாவும்

1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் வினவிய வினாவால் உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணி ஆராய்ச்சியில் புகுந்து, 1887-இல் அதனை நச்சினார்க்கினியர் உரையொடு பதிப்பித்த வரலாறு யாவரும் அறிந்தது. அவ்வுரையுள் பெயர் சுட்டாது ஆளப்பெற்ற மேற்கோள்கள் எந்நூலின என்று தெரியாது அவர் உழன்றதும், பழஞ்சுவடிகளைப் படிக்குங்கால் அம்மேற்கோள்களை அவற்றுட் கண்டு மகிழ்ந்ததும் தமிழ்ப் பதிப்பு வரலாற்றின் அரிய நிகழ்ச்சிகள். இன்று அத்தகைய மேற்கோளைப் பொறியில் இட்டால் ஒரு நொடியில் இடம் தெரியும். இதனால் நாம் பெற்ற வசதி பெரிது.

எனினும் ஒன்று நோக்குக. ஒரு தொடரைக் கண்டவுடன் இது மேற்கோள், இஃது உரையாசிரியர் வாசகமன்று என்று ஐயரவர்கள் உணர்ந்தது எதனால்? மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் இருந்து பல நூல் பாடங்கேட்டுச் செவியும் உள்ளமும் செய்யுள் நடையிற் பழகியிருந்தமையால். அப்பழக்கமில்லாதவனுக்குத் தேட வேண்டும் என்னும் எண்ணமே எழாது. பொறி விடையை விரைவுபடுத்தும். வினா நினைவிலிருந்து எழுதல் வேண்டும். ஆகவே நெட்டுருவை அறவே விடுதலும் ஆகாது, நெட்டுருவே புலமை எனலும் ஆகாது. எதனை நெட்டுருச் செய்தல் வேண்டும் என்பதனைத் தெரிந்து வரையறுத்தலே இன்றைய தேவை. இலக்கண விதிகள், நிகண்டில் வரும் இன்றியமையாச் சொற்றொகுதிகள், ஒவ்வொரு தொகை நூலிலும் சில பாடல்கள் என இவை வாயிலும் செவியிலும் நிற்றல் வேண்டும். பாடல் எண்ணும் பக்க எண்ணும் பொறியிடம் நிற்கலாம்.

வகுப்பறைக்கு உரிய பயிற்சிகள்

மேற்கூறியவற்றை உட்கொண்டு பட்ட மேற்படிப்பு வகுப்பில் மேற்கொள்ளத்தக்க பயிற்சிகள் நான்கு ஈண்டுத் தரப்படுகின்றன. இவற்றிற்கு மாணாக்கர் ஒவ்வொருவர்க்கும் ஒரு பொறி வேண்டுவதில்லை. வகுப்பிற்கு ஒன்றும், அதனைச் சுவரிற் காட்டும் ஒளிவீச்சுக் கருவி ஒன்றும் போதும்.

முதலாவது, முத்திறத் தேடல். ஒரு சொல்லைத் தெரிந்து, அது வரும் இடங்களை மாணாக்கர் முதலில் நினைவிலிருந்து கூறுக. பின்னர் அச்சிட்ட சொல்லடைவில் காண்க. இறுதியிற் பொறியில் தேடுக. மூன்று பட்டியல்களுக்கும் உள்ள வேறுபாட்டை எழுதி, பொறி விட்ட ஒவ்வோரிடத்திற்கும் காரணமாகிய புணர்ச்சி விதியையோ எழுத்துப் பிழையையோ காட்டுக. இதனால் வழக்கறிதலும் கேட்டவை நினைத்தலும் ஒருங்கு நிகழும்.

இரண்டாவது, பாட ஒப்பீடு. குறுந்தொகைப் பாடல் ஒன்றை, சௌரிப்பெருமாள் அரங்கனாரின் 1915-ஆம் ஆண்டுப் பதிப்பு, உ. வே. சாமிநாதையரின் 1937-ஆம் ஆண்டுப் பதிப்பு, ஏவா வில்டன் அவர்களின் 2010-ஆம் ஆண்டு ஒப்பாய்வுப் பதிப்பு, மின்பாடம் ஒன்று ஆகியவற்றில் வைத்து ஒப்பிடுக. மின்பாடம் எப்பதிப்பைத் தழுவியது என்பதனை வேறுபாடுகளைக் கொண்டு மாணாக்கரே துணிக. மூலம் இன்னது என்று சொல்லாத மின்பாடத்தை மேற்கோளாகக் கொள்ளலாகாது என்பதனை எவரும் சொல்லாமலே அவர் உணர்வர்.

மூன்றாவது, ஓதிப் பதிதல். இதன் முறை மேலே கூறப்பட்டது.

நான்காவது, விடைத் திருத்தம். விடை எழுதும் பொறி ஒரு பாடலுக்கு வரைந்த உரையை வகுப்பில் வைத்து, மாணாக்கர் குழுக்களாகப் பிரிந்து, அதனுள் உரையாசிரியர் கூற்றொடு பொருந்துவன, பொருந்தாதன, நூலிலேயே இல்லாதன எனப் பகுத்து, தம் துணிபை அவைமுன் எடுத்துரைக்க. பொறி எழுதியதனை மறுத்தற்கு மாணாக்கன் நூலைப் பயின்றே ஆகவேண்டும். நன்னூலார் அரைக்கூறு எனக் கணக்கிட்ட எடுத்துரைத்தல் இதனால் கைவரும்.

இப்பயிற்சிகளுக்கு ஏற்பத் தேர்வு முறையும் மாறுதல் வேண்டும். நூலாசிரியர் பெயரும் பாடல் தொகையும் கேட்கும் வினாவிற்குப் பொறியே விடை தரும். அத்தகைய வினாவால் மட்டும் மாணாக்கனை அளப்போமாயின், பொறியினும் தாழ்ந்தவனாகவே அவனை அளந்தோம் ஆவோம். இரு பாடங்களுள் ஒன்றனைத் தெரிந்து காரணம் காட்டுக, இத்தேடலில் விடுபட்டன யாவை, ஏன் என்பன போன்ற வினாக்கள் அவனது துணிபினை அளப்பன.

முடிவுரை

எழுவகையுள் வழக்கறிதற்குக் கணிப்பொறி பெருந்துணை செய்யும். பாடம் போற்றற்கு அது துணையும் ஆம், பகையும் ஆம். ஆளும் முறையே அதனைத் துணையாக்கும். உடன்மாணாக்கரொடு பயிலுதற்கும் விடை கூறுதற்கும் அதனைக் களமாக அமைத்துக்கொள்ளலாம். கேட்டவை நினைத்தலையும் வினாதலையும் அது நமக்காகச் செய்யாது. செய்ய விடுதலும் ஆகாது. ஆசிரியனை அடுத்திருந்து கேட்டலுக்கோ மாற்று இல்லை. நல்லாசிரியனுக்கு உவமையாக நிலமும் மலையும் மலரும் கூறிய பவணந்தியார் நிறைகோலையும் உடன் கூறினார். ஐயம் தீரப் பொருள் உணர்த்தலும் நடுவுநிலையுமே அவ்வுவமைக்கு அவர் கண்ட பொதுத்தன்மை. பொறி தட்டில் இடுதற்குரிய பொருள்களை மிகுதியாகக் கொணர்ந்து தருகின்றது. அவற்றை நிறுத்துத் தரும் பணி ஆசிரியர்க்கும், ஆசிரியராக வளரும் மாணாக்கர்க்கும் முன்னையினும் மிகுந்துள்ளது. தமிழ்த்துறைகள் தத்தம் பாடத்திட்டத்தைத் திருத்தும்பொழுது இதனை மனங்கொள்ளுதல் நலம் பயக்கும்.